மாதிரிப் போர்க்கப்பலுக்குக் கயிறு கட்டும் முன்: ஆண்டு, அளவு, வரிசை

1:100 அளவில் எச்.எம்.எஸ். விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரியைச் செய்தபோது, எட்டு மாதம் உட்கார்ந்து கட்டிய கயிறுகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி எடுத்தேன். முடிச்சுகள் நன்றாகத்தான் இருந்தன. தடிமன் தவறு, நிறம் தவறு, கட்டிய வரிசை தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலை எந்த ஆண்டின் நிலையில் காட்டுகிறேன் என்று முடிவு செய்யாமலே தொடங்கியிருந்தேன். இரண்டாம் முறை கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் முதல் ஐந்து வாரம் நூலைத் தொடவே இல்லை, தாளும் பென்சிலும்தான். அந்த ஐந்து வாரத்தை நீங்களும் ஒதுக்கிவிட்டால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

முதலில் சில சொற்கள். பாய்மரத்தின் குறுக்கே நின்று பாயைத் தாங்கும் மரத்தை நம் கடற்கரையில் பருமல் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது ஷ்ரௌட். முன்பக்கமாக இழுத்துப் பிடிப்பது ஸ்டே. ஷ்ரௌட்டின் அடியில் இருக்கும், மூன்று ஓட்டை போட்ட வட்டக் கட்டை டெட்ஐ. மேல் டெட்ஐக்கும் கீழ் டெட்ஐக்கும் நடுவே ஓடி இறுக்கும் கயிறு லேன்யார்டு. ஷ்ரௌட்களின் குறுக்கே ஏணிப்படி போலக் கட்டுவது ராட்லைன். இவையெல்லாம் அசையாத நிலைக்கயிறுகள். பருமலையும் பாயையும் இயக்குபவை ஓடுகயிறுகள்.

1. ஆண்டை முடிவு செய்யுங்கள்

விக்டரி 1765-இல் இங்கிலாந்தின் சாத்தமில் நீரில் இறங்கியது. அது சண்டையிட்ட ட்ரஃபால்கர் கடற்போர் 1805-இல். இந்த நாற்பது ஆண்டில் கயிறு அமைப்பு நிறைய மாறிவிட்டது. 1760-களின் பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பின் பாய்மரத்தில் நீண்ட சாய்வான லட்டீன் பருமல் இருக்கும். 1805-இல் அந்த இடத்தில் காஃப் என்ற குட்டை மரமும் அடியில் பூம் என்ற மரமும் வந்துவிட்டன. கப்பலின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முன்மூக்கு மரத்தின் கீழே செங்குத்தாகத் தொங்கும் டால்ஃபின் ஸ்ட்ரைக்கர் 1790-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1765 கப்பலில் அதை வைத்தால் தவறு. இன்னும் பின்னால் போய் 17-ஆம் நூற்றாண்டுக் கப்பல் செய்வதானால், முன்மூக்கின் நுனியில் நிற்கும் சின்னப் பாய்மரம் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறைந்தது.

நாட்டையும் முடிவு செய்யுங்கள். பிரெஞ்சுக் கப்பலுக்குப் பிரிட்டிஷ் விதிப்படி கயிறு கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் அளவுகள் எல்லாம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பிரிட்டிஷ் கடற்படைக்கு உரியவை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "உண்மையான கப்பல்தான் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறதே, படம் பார்த்துச் செய்துவிடலாம்" என்று தோன்றும். அங்கே நிற்கும் விக்டரிக்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொருத்திய கீழ்ப் பாய்மரங்கள், எச்.எம்.எஸ். ஷா என்ற வேறொரு கப்பலிலிருந்து எடுத்த இரும்புக் குழாய்கள். மேல் மரங்களையும் கயிறுகளில் பெரும்பகுதியையும் 2011-இல் இறக்கிவிட்டார்கள். கப்பலின் உடலைப் பார்க்க அது நல்ல சான்று. கயிறுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மாதிரிகளுக்கும் இதே எச்சரிக்கை: உடல் 18-ஆம் நூற்றாண்டுடையதாக இருந்தாலும், கயிறுகளைப் பல மாதிரிகளில் பிற்காலத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். குறிப்பு அட்டையில் கயிறு எந்தக் காலத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. நான்கு தாள்களைத் தயார் செய்யுங்கள்

முதல் தாள்: ஒவ்வொரு பாய்மரம், பருமலின் நீளமும் விட்டமும். இரண்டாவது: ஒவ்வொரு கயிற்றின் தடிமன். மூன்றாவது: ஒவ்வொரு ஓடுகயிறும் கடைசியில் எங்கே கட்டப்படுகிறது என்ற வரைபடம். நான்காவது: நீங்களே எழுதும் வேலைப் பதிவேடு.

முதல் இரண்டுக்கும் டேவிட் ஸ்டீல் 1794-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலின் அட்டவணைகள் போதும். எத்தனை பீரங்கிக் கப்பல் என்று பார்த்தால், அதன் ஒவ்வொரு கயிறுக்கும் தடிமன், நீளம், கப்பிகளின் எண்ணிக்கை கிடைக்கும். காப்புரிமை முடிந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1794-க்கு வெகு முன்போ பின்போ உள்ள கப்பல் என்றால், 1625 முதல் 1860 வரையிலான ஆங்கிலப் போர்க்கப்பல்களைப் பற்றி ஜேம்ஸ் லீஸ் எழுதிய நூல் வேண்டும். பாய்மரத்தின் விட்டத்திலிருந்து கயிறுகளின் அளவை விகிதமாகக் கணக்கிடும் முறை அதில் இருக்கிறது. விலை கூடிய புத்தகம், பழைய பிரதி தேடுங்கள். கயிறு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டாவது இதை வாங்கச் சொல்வேன்.

கிட் பெட்டியோடு (மாதிரியின் பாகங்களைச் சேர்த்து விற்கும் பெட்டி) வரும் வரைபடத்தை மூன்றாவது தாளாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நான் கெட்டேன். என் வரைபடத்தில் இரண்டு கயிறுகள் ஒரே முளையில் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் குச்சி) முடிந்தன. ஒரு கயிறு எங்குமே முடியவில்லை. கிட் வரைபடத்தை அட்டவணையோடு ஒவ்வொரு கயிறாக ஒப்பிட்டு, சரி என்றால் பச்சை, சந்தேகம் என்றால் சிவப்பு என்று குறியுங்கள். சிவப்பு எல்லாம் தீர்ந்த பிறகுதான் நூல் வாங்க வேண்டும்.

நான்காவது தாளில் ஒரு கயிறுக்கு ஒரு வரி. பெயர், உண்மை அளவு, மாதிரி அளவு, நிறம், தொடங்கும் இடம், போகும் கப்பிகள், முடியும் இடம், கட்டிய தேதி. என் பதிவேட்டில் இரு பக்கமும் சேர்த்து முந்நூற்றுக்கு மேல் வரிகள் வந்தன. அலுப்பான வேலைதான். ஆனால் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் எங்கே விட்டோம் என்று ஒரு நொடியில் தெரியும்.

3. தடிமனைக் கணக்கிடுங்கள்

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். அன்றைய பிரிட்டிஷ் கடற்படை கயிற்றைச் சுற்றளவில் அளந்தது. "11 அங்குல ஷ்ரௌட்" என்றால் கயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்தால் 11 அங்குலம். அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கயிறு மூன்று மடங்குக்கு மேல் தடித்துவிடும். என் முதல் முயற்சியில் மையப் பாய்மரத்தின் ஸ்டேக்கு நடந்தது இதுதான்.

கணக்கு எளிது. சுற்றளவு அங்குலத்தை 8.1-ஆல் பெருக்கி, மாதிரியின் அளவெண்ணால் வகுத்தால் நூலின் விட்டம் மில்லிமீட்டரில் வரும்.

விக்டரியின் மையப் பாய்மரம் அடியில் 39 அங்குல விட்டம். மைய ஸ்டே பாய்மர விட்டத்தின் பாதி, ஏறத்தாழ 19 அங்குலச் சுற்றளவு. 19-ஐ 8.1-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. ஷ்ரௌட் ஸ்டேயில் பத்தில் ஆறு பங்கு, 11 அங்குலம் என்று வைத்தால் 0.9 மி.மீ. லேன்யார்டு ஷ்ரௌட்டில் பாதி, 0.45 மி.மீ. ராட்லைன் ஒன்றரை அங்குலம், 0.12 மி.மீ. இதே கப்பலை 1:72-இல் செய்தால் ஸ்டே 2.1, ஷ்ரௌட் 1.2, லேன்யார்டு 0.6, ராட்லைன் 0.17.

0.12-க்கும் 1.5-க்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் மாதிரிக்கு உயிர். பெட்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று தடிமன்தான் கொடுப்பார்கள். 1:100-க்கு எட்டுத் தடிமனாவது வேண்டும்.

கடையில் நூலின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். பென்சிலில் இருபது சுற்று நெருக்கமாகச் சுற்றி, சுற்றிய அகலத்தை அளந்து இருபதால் வகுக்கவும்.

4. நூல்: எது, என்ன நிறம், எந்த முறுக்கு

பாலியெஸ்டர் வாங்குங்கள். பருத்தி நூலில் பஞ்சு பிசிறு நிற்கும். அதைவிட முக்கியம் ஈரம். மழைக்காலத்தில் என் பருத்திக் கயிறுகள் இழுத்துக்கொண்டு மேல் மரத்தை வளைத்தன. வெயில் வந்ததும் தளர்ந்து தொங்கின. பாலியெஸ்டரில் அந்தத் தொல்லை இல்லை. பளபளப்பு இருக்கும், தேன்மெழுகில் ஒரு முறை இழுத்து விரலால் தேய்த்தால் அடங்கிவிடும்.

நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். அது மரப்பிசின் தார், காய்ந்தால் அடர்ந்த பழுப்பு. நிலக்கரிக் கறுப்பு அல்ல. காப்பிக்கொட்டை வறுத்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நூல் தேடுங்கள். ஓடுகயிறு சணல் நிறம். பெட்டியில் வரும் வெள்ளை நூலைத் தேநீரில் ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் ஒரே நிறம் இரண்டு முறை கிடைத்ததில்லை, ஆகவே சாயம் ஏறிய நூலையே வாங்குகிறேன்.

முறுக்கும் பார்க்க வேண்டும். சாதாரணக் கயிறு மூன்று புரி, வலமுறுக்கு. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் இடமுறுக்கு. நங்கூர வடமும் பெரிய ஸ்டேக்களும் அந்த வகை. இதைத் தையல் நூலில் கொண்டுவரக் கயிறு திரிக்கும் சின்ன எந்திரம் தேவைப்படும். பல் சக்கரம் நான்கும் ஒரு சின்ன மோட்டாரும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். தையல் நூல் பெரும்பாலும் வலமுறுக்காகவே வரும். ஒரு புரிக்கு ஒரே நூல் வைத்துத் திரித்தால் கயிறு இடமுறுக்காக வந்துவிடும். வலமுறுக்குக் கயிறு வேண்டுமென்றால் ஒரு புரிக்கு இரண்டு நூலாவது வைத்து, அவற்றை முதலில் இடப்பக்கம் முறுக்கி, பிறகு மூன்று புரிகளையும் வலப்பக்கம் சேர்க்க வேண்டும். திரிக்கும்போது நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அதற்குத் தகுந்தாற்போல் நூல் வெட்டிக்கொள்ளுங்கள்.

திரிக்க நேரமில்லை என்றால் வெளிநாட்டுக் கடைகளில் திரித்த மாதிரிக் கயிறு கிடைக்கிறது. அழகாக இருக்கும், சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் விலை ஏறிவிடும். நான் நிலைக்கயிறை மட்டும் வாங்கிவிட்டு மற்றதைத் திரித்தேன்.

5. கப்பிகள்

கப்பியின் நீளம் அதில் ஓடும் கயிற்றின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு. 3 அங்குலக் கயிறுக்கு 9 அங்குலக் கப்பி, 1:100-இல் அது 2.3 மி.மீ. பெட்டியில் எல்லா இடத்துக்கும் 5 மி.மீ. கப்பி கொடுத்திருந்தார்கள். உண்மைக் கப்பலில் அது 20 அங்குலம்! 2, 3, 4 மி.மீ. என மூன்று அளவு வாங்கினால் பெரும்பாலான இடங்கள் தீர்ந்துவிடும்.

மாதிரிக் கப்பியில் ஓட்டை நடுவில் இருக்காது, ஒரு முனைப் பக்கம் தள்ளியிருக்கும். கயிறு சக்கரத்தின் மேல் ஏறி ஓடுவதைக் காட்டும் ஓட்டை அது. ஆகவே கப்பியை எந்த முனையில் தொங்கவிடுகிறோமோ அந்த முனைப் பக்கம் ஓட்டை இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய கப்பி விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

பாய்மரத்தையும் பருமலையும் கப்பலில் பொருத்தும் முன்பே அவற்றின் கப்பிகள் அனைத்தையும் கட்டி முடித்துவிடுங்கள். மேசையில் ஐந்து நிமிடம் ஆகும் வேலை, கப்பலின் மேல் ஒரு மணி நேரம் ஆகும்.

6. நிலைக்கயிறு: கீழிருந்து மேல், உள்ளிருந்து வெளி

முன்மூக்கு மரத்தை உடலோடு சேர்த்துக் கட்டும் சுற்றிலிருந்து தொடங்குங்கள். முன் ஸ்டேக்கள் எல்லாம் அந்த மரத்தில்தான் தொங்கப்போகின்றன.

அடுத்து கீழ்ப் பாய்மரங்கள். உச்சியில் கயிறு ஏறும் வரிசை மாறக்கூடாது: முதலில் தூக்குக் கப்பிகளுக்கான தொங்கல் கயிறுகள், அவற்றின் மேல் ஷ்ரௌட்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டே. ஷ்ரௌட் இரண்டிரண்டாகப் போகும். ஒரே கயிற்றை மடித்து, மடிப்பை உச்சியில் மாட்டினால் இரு முனைகளும் ஒரே பக்கம் இறங்கும். வலப்பக்க முன் ஜோடி முதலில், இடப்பக்க முன் ஜோடி அடுத்து, மறுபடி வலம், இடம் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பாய்மரம் சாய்ந்துவிடும், உச்சியில் அடுக்கும் தவறாகத் தெரியும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் இருக்கும் முதல் ஷ்ரௌட்டில் பாய் உரசும். அதனால் அதை முழு நீளமும் மெல்லிய கயிற்றால் சுற்றி மூடியிருப்பார்கள். மற்ற ஷ்ரௌட்களில் உச்சியிலும் டெட்ஐயைச் சுற்றியும் மட்டும். மைய ஸ்டேயில், உச்சியைச் சுற்றும் கண்ணி மேலும் இறுகாமல் தடுக்கப் பேரிக்காய் வடிவத்தில் ஒரு புடைப்பு உண்டு. கொஞ்சம் மரத்தை அந்த வடிவில் கடைந்து, நூல் ஓட்டி, மேலே நூலால் பின்னி மூடினால் போதும். போர்க்கப்பலுக்கே உரிய இன்னொன்று: ஸ்டேக்கு இணையாகத் துணை ஸ்டே ஒன்று ஓடும், இரண்டையும் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் மெல்லிய கயிறு பிணைக்கும். குண்டு பட்டு ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு. இதைப் பெட்டி வரைபடங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

எந்தக் கயிற்றையும் முதல் நாளே இறுக்கி ஒட்டாதீர்கள். ஒரு பாய்மரத்தின் ஷ்ரௌட், ஸ்டே எல்லாம் மாட்டிய பிறகு, முன்னும் பின்னும் பார்த்துச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒட்டுவதற்கு நீர் கலந்த ஃபெவிகால். சூப்பர் க்ளூ நூலைக் கறுக்க வைத்து, கம்பி போல விறைக்க வைத்து, சில ஆண்டில் அந்த இடத்திலேயே ஒடிய வைக்கும்.

7. டெட்ஐயும் ராட்லைனும்

மேல் டெட்ஐகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கம்பியை ஒரு ப வடிவில் வளைத்து, ஒரு முனையைக் கீழ் டெட்ஐயின் ஓட்டையிலும் மறுமுனையை மேல் டெட்ஐயின் ஓட்டையிலும் செருகினால் இடைவெளி எப்போதும் ஒன்றாக இருக்கும். அப்படி வைத்துக்கொண்டுதான் ஷ்ரௌட்டை டெட்ஐயைச் சுற்றிக் கட்ட வேண்டும். லேன்யார்டின் முடிச்சு மேல் டெட்ஐயின் உட்பக்கம், அதாவது தளத்தைப் பார்த்த பக்கம் இருக்கும்.

டெட்ஐயைச் சுற்றி வந்த ஷ்ரௌட்டின் முனை எந்தக் கைப்பக்கம் நிற்கிறது என்பது கயிற்றின் முறுக்கைப் பொறுத்தது. கப்பல் முழுக்க ஒரே கைதான். ஆகவே தளத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் முனைகள் முன்னோக்கியும், மறுபக்கம் பின்னோக்கியும் இருக்கும். கண்ணாடி பார்த்தாற்போல இரு பக்கமும் ஒரே மாதிரி வைப்பது தவறு.

இப்போது ராட்லைன். படிகளுக்கு இடையே 13 அங்குலம், 1:100-இல் 3.3 மி.மீ. ஒரு வெள்ளை அட்டையில் 3.3 மி.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டு ஷ்ரௌட்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். நடுவில் உள்ள ஷ்ரௌட்களில் இரட்டைச் சுற்று முடிச்சு: நூல் ஷ்ரௌட்டின் முன்னால் போய், பின்னால் சுற்றி வந்து, தன்னையே குறுக்காகத் தாண்டி, மேலே இன்னொரு சுற்றுச் சுற்றி, அந்தக் குறுக்கின் அடியில் வெளியே வரவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னச் சாய்கோடு தெரியும். அது தெரிந்தால் முடிச்சு சரி. இரு ஓர ஷ்ரௌட்களில் முடிச்சு கிடையாது, ராட்லைனின் முனையில் சின்னக் கண்ணி இருக்கும், அதை ஷ்ரௌட்டோடு வரிந்து கட்டியிருப்பார்கள். 1:100-இல் ஓரத்திலும் முடிச்சே போட்டுவிட்டேன். 1:48-இல் செய்பவர்கள் கண்ணி வைக்க வேண்டும்.

நூலை இழுத்து இறுக்கும் ஒவ்வொரு முறையும் ஷ்ரௌட்கள் உள்ளே இழுபட்டு, இருபது படி கட்டியபின் நடுவில் இடுப்பு விழுந்துவிடும். இதற்கு நான் கண்ட தீர்வு தென்னை ஈர்க்கு. நேரான ஈர்க்கு மூன்றை எடுத்து, ஷ்ரௌட்களின் உண்மை இடைவெளியைக் குறித்து, மூன்று உயரத்தில் தற்காலிகமாகக் கட்டிவிடுங்கள். ராட்லைன் ஈர்க்கை நெருங்கும்போது அவிழ்த்து மேலே ஏற்றிக்கொள்ளலாம். எட்டு ஷ்ரௌட், நாற்பது படி என்றால் ஒரு பக்கத்துக்கு 320 முடிச்சு. எனக்கு மணிக்கு அறுபது முடிச்சு வந்தது. ஒரே மூச்சில் ஒரு மணிக்கு மேல் உட்காராதீர்கள், களைத்த கை இறுக்கிவிடும்.

8. பருமல்களும் ஓடுகயிறுகளும்

பாய் விரிக்காத மாதிரியில் பருமல்களை உச்சிவரை ஏற்றி நிறுத்துவதைப் பார்க்கிறேன். பாய் விரிக்காத கப்பலில் மேல் பருமல்கள் கீழே இறங்கி நிற்கும். இரண்டாம் அடுக்குப் பருமல் கீழ்ப் பாய்மரத்தின் உச்சிக் கட்டைக்குச் சற்று மேலே உட்காரும். இதை முடிவு செய்த பிறகே, பருமலை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறுகளின் நீளத்தை வெட்டுங்கள்.

கயிறு முடியும் இடங்களைப் பொறுத்தவரை, 1805-இல் எல்லாமே முளைகளில் கட்டப்படவில்லை. பக்கச் சுவரின் கட்டைகள், மரக் கொம்புகள், தளத்தில் ஊன்றிய சட்டங்கள் ஆகியவற்றிலும் கட்டினார்கள். பெட்டியில் வரும் பித்தளை முளை 10 மி.மீ. இருந்தால், 1:100-இல் அது ஒரு மீட்டர் நீளத் தடி! தேவையான இடத்தில் மட்டும் 4 மி.மீ. முளை வையுங்கள்.

கயிறை எட்டு வடிவில் மூன்று சுற்றுச் சுற்றி நிறுத்தவும், முடிச்சு போட வேண்டாம். மிச்சக் கயிறுச் சுருளைத் தனியாகச் செய்து பிறகு மாட்டலாம். இரண்டு ஊசியில் சுற்றி, நீர் கலந்த ஃபெவிகால் தடவி, காய்வதற்குள் கீழ்ப்பகுதியை விரலால் தொங்கும்படி அழுத்திவிடுங்கள். வலமுறுக்குக் கயிறு என்பதால் சுருள் கடிகாரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். தளத்தின் நடுவில் முடியும் கயிறுகளை முதலிலும் ஓரத்தில் முடிவதைக் கடைசியிலும் கட்டுங்கள், இல்லையென்றால் கை நுழையாது.

9. செலவும் காலமும்

இரண்டாம் முறைக்கு எனக்கு நூல், மெழுகு, சாயத்துக்குச் சுமார் 3,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கப்பி, டெட்ஐ, நிலைக்கயிறு ஆகியவற்றுக்கு வரியும் சேர்த்து 14,000. தலையில் மாட்டும் உருப்பெருக்கி, நீண்ட மூக்கு இடுக்கி இரண்டு, நல்ல கத்தரி ஒன்று, இவை 2,500. கப்பி வாங்கும்போது கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். சில உடையும், சில தரையில் விழுந்தால் கிடைக்காது. இரண்டாம் முறை ஆர்டர் செய்தால் அனுப்பும் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். சரக்கு வரச் சில வாரம் ஆகும், ஆகவே தாள் வேலை நடக்கும்போதே கப்பிகளுக்கு ஆர்டர் போட்டுவிடலாம்.

நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்ற கணக்கில் என் பதினான்கு மாதம் இப்படிப் போனது: தாள் வேலை ஐந்து வாரம், கயிறு திரிப்பு மூன்று வாரம், பாய்மரங்களுக்கும் பருமல்களுக்கும் கப்பி கட்டுவது இரண்டு மாதம், நிலைக்கயிறு நான்கு மாதம், ராட்லைன் இரண்டு மாதம், ஓடுகயிறு நான்கு மாதம்.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுப்பதை மறக்காதீர்கள். உடலின் நீளத்தைக் கொடுத்துவிட்டு, முன்மூக்கு மரத்தையும் பின்னால் நீளும் பூமையும் விட்டுவிடுவது எளிது. எல்லாப் பருமலும் ஏறிய பிறகு, வெளியே நீட்டும் நுனிகளிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. இடம் விட்டு அளவெடுத்துப் பெட்டிக்குச் சொல்லுங்கள். பெட்டி வரும்வரை மெல்லிய பழைய வேட்டி ஒன்றை ஒரு சட்டத்தின் மேல் போர்த்தி வையுங்கள், துணி கயிறுகளைத் தொடக் கூடாது. தூசி ராட்லைனில் படிந்தால் ஓவியத் தூரிகையால்கூட முழுதாக எடுக்க முடியாது.